கல்லூரி லேபில் லினக்ஸ்: ஒரு சிக்னல் இன்ஜினியர் கற்ற பாடம்



கம்ப்யூட்டர் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி நம் இதழாசிரியர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். 1979-இல் எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, 1981-இல் கோந்தியாவில் சிக்னல் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருடங்கள் ரிலேக்களோடும் பாயிண்ட் மெஷின்களோடும் காலம் தள்ளி, நாக்பூரிலேயே ரிடையராகி உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் சென்ற சில மாதங்களில் ஒரு பாலிடெக்னிக் லேபில் எனக்குக் கிடைத்த அனுபவம், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2025 தீபாவளிக் கூட்டத்தில் பந்தியில் என் பக்கத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் மகன் உட்கார்ந்தான். இங்கேயே ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா இரண்டாம் வருடம். என்னைத் தாத்தா என்று கூப்பிடுவான். அதை நான் மன்னித்துவிட்டேன்.

"தாத்தா, எங்க லேப்ல இருக்கிற முப்பது கம்ப்யூட்டரையும் ஸ்கிராப்புக்குப் போடப் போறாங்களாம். புதுசு வர ஒரு செமஸ்டர் ஆகும்னு சொல்றாங்க."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல. விண்டோஸ் 10-க்கு இனிமே சப்போர்ட் கிடையாதாம். 11 போட்டா ஏறமாட்டேங்குது."

ஸ்கிராப் என்ற சொல்லைக் கேட்டால் ரயில்வேக்காரனுக்குக் காது நிமிரும். ஓடுகிற வண்டியை ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான், அதே யார்டிலிருந்து நல்ல ரிலேயைப் பொறுக்கிக்கொண்டு வந்தவனும் நான்தான். விசாரித்தேன். பையன் சொன்னது உண்மை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறவேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். இந்த லேபில் இருந்தவை நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி மெமரி. மதர்போர்டு, மானிட்டர், கீபோர்டு எல்லாம் திடமாக இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்து நடத்துகிறவர்தான் ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்த நடத்துகிறவருக்குத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் ஒற்றைப் பாதைப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு வண்டிகள் எதிரெதிரே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக நீல்ஸ் டோக்கன் கருவி வைத்திருந்தோம். கருவியிலிருந்து ஒரு இரும்புப் பந்து வெளியே வரும். அது டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி அந்தப் பிரிவுக்குள் போகலாம். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை கருவி இன்னொன்றைத் தராது. கம்ப்யூட்டரில் பிராசசர்தான் அந்த ஒற்றைப் பாதை. டைப் அடிக்கும் புரோகிராம், பாட்டுப் பாடும் புரோகிராம், பிரிண்டருக்கு அனுப்பும் புரோகிராம் எல்லாம் வரிசையில் நிற்கும் வண்டிகள். இயங்குதளத்தின் நடுவே இருக்கும் கெர்னல் என்ற பகுதி, ஒவ்வொன்றுக்கும் சில மில்லி விநாடிகள் பந்தைக் கொடுத்து, மறுபடி பிடுங்கிக்கொண்டு, அடுத்ததற்குக் கொடுக்கிறது. நமக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதாகத் தோன்றுகிறது. மெமரியில் யாருக்கு எந்த இடம், டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே என்பதும் அதன் பொறுப்பே.

விண்டோஸ் அப்படிப்பட்ட ஒன்று. லினக்ஸ் இன்னொன்று. கெர்னலுக்கு லினக்ஸ் என்று பெயர். சுற்றியுள்ள கருவிகளில் பல குனூ என்ற திட்டத்திலிருந்து வந்தவை. ஆகையால் குனூ/லினக்ஸ் என்று சொல்வதே நியாயம் என்று வாதிடுபவர்கள் உண்டு. எழுதும் சௌகரியத்துக்காக நான் லினக்ஸ் என்றே குறிப்பிடுகிறேன்.

இதை இலவச இயங்குதளம் என்று அறிமுகப்படுத்தினால் பாதிக் காரியம் கெட்டுவிடும். மிக்ஸி, கிரைண்டர் பார்த்த நமக்கு இலவசம் என்றாலே மட்டம் என்று ஓர் எண்ணம். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் சுதந்திரமானதற்கும் ஒரே சொல் இருப்பதால் அங்கே குழப்பம். தமிழில் "கட்டற்ற மென்பொருள்" என்று அழகான சொல் அமைந்துவிட்டது. கட்டு எதுவும் இல்லை என்பதற்கு நான்கு அர்த்தங்கள் சொல்கிறார்கள்: எந்த வேலைக்கும் ஓட்டலாம், அது எப்படி வேலை செய்கிறது என்று அதன் மூல நிரலைத் திறந்து படிக்கலாம், பிறருக்குக் காப்பி எடுத்துக் கொடுக்கலாம், திருத்தி, அந்தத் திருத்தத்தையும் ஊருக்குக் கொடுக்கலாம். விலை இல்லாமல் கிடைப்பது இவற்றின் பக்க விளைவு.

இரண்டாவது உரிமைதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. பழைய ரிலே இன்டர்லாக்கிங்கில் ஒரு சிக்னல் விழவில்லை என்றால் ரிலே ரூமுக்குப் போவோம். அலமாரியில் சர்க்யூட் படம் இருக்கும். எந்த ரிலேயின் எந்தக் கான்டாக்ட் வழியாக மின்சாரம் போகவேண்டும் என்று விரலை வைத்துக்கொண்டே போய், மீட்டரை வைத்துப் பார்த்தால் எங்கே அறுந்தது என்று தெரிந்துவிடும். நான் தொழில் கற்றது அந்தப் படங்களிலிருந்துதான். டிப்ளமா சான்றிதழ் வாசலைத் திறந்துவிட்டது, அவ்வளவே. பிற்காலத்தில் ஸ்டேஷனில் ஒரு பதிவுக் கருவி வந்தது. எந்தச் சிக்னல் எப்போது மாறியது என்று விநாடிக் கணக்கில் எழுதி வைக்கும். நல்ல கருவி. ஆனால் எழுதிய ஃபைல் அதைச் செய்த கம்பெனியின் புரோகிராமில் மட்டுமே திறக்கும். கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டது. எங்கள் பழைய பி.சி.யும் செத்தது. நான்கு வருடப் பதிவுகள் டிஸ்கில் பத்திரமாக இருந்தன, ஒருவராலும் படிக்க முடியாமல். எங்கள் ஸ்டேஷனில் எங்கள் வண்டிகள் ஓடிய கணக்கு அது.

கல்லூரிகளுக்கும் லினக்ஸுக்கும் உள்ள உறவு இதே ஆத்திரத்திலிருந்து பிறந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். எழுபதுகளில் பல்கலைக்கழகங்களுக்கு அது மூல நிரலோடு சொற்பச் செலவில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரி கொண்ட அந்த நிரலை அச்சிட்டு, அதற்கு உரையும் எழுதி மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். நம் ஊரில் நூலுக்கு உரையாசிரியர்கள் செய்த வேலைதான். ஆனால் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமப் பத்திரத்தில், மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் நிபந்தனை போட்டுவிட்டது. பிறகு என்ன? லயன்ஸின் உரை ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸாகக் கல்லூரி கல்லூரியாகச் சுற்றியது. முறையாக அச்சில் வந்தது 1996-இல்தான்.

பாடம் நடத்த நிரல் இல்லாமல் போன ஆசிரியர்களில் ஆம்ஸ்டர்டாமின் ஆண்ட்ரூ டானன்பாம் ஒருவர். அவர் தாமே மினிக்ஸ் என்று ஒரு சின்ன இயங்குதளத்தை எழுதி 1987-இல் பாடப் புத்தகத்தோடு வெளியிட்டார். அதைப் பயன்படுத்திப் பார்த்த ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், 1991-இல் தம்முடைய சொந்தக் கெர்னலை எழுதிப் பல்கலைக்கழக நெட்வொர்க் கம்ப்யூட்டரில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். அதுதான் லினக்ஸ். இதற்கு முன்பே, 1983-இல், எம்.ஐ.டி. ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். ஆய்வகத்துக்கு வந்த புது லேசர் பிரிண்டரின் நிரல் கிடைக்காததால், காகிதம் சிக்கினால் தகவல் சொல்லும்படி அதைத் திருத்த முடியாமல் போன கடுப்பு அவருக்கு. என் பதிவுக் கருவி நினைவுக்கு வந்தது. அவர் வகுத்த பொது உரிமத்தை 1992-இல் டோர்வால்ட்ஸும் ஏற்றுக்கொண்டார். திருத்தி வெளியே கொடுப்பவர் நிரலையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பதே அந்த உரிமத்தின் சாரம்.

இன்று அந்தக் கெர்னல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோனின் அடியில் இருப்பது அதுவே. உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2020-இல் அந்தப் பட்டியலில் 63-ஆம் இடம் பிடித்த புனே சி-டாக்கின் பரம் சித்தி இயந்திரமும் அதில் சேர்த்தி. "லினக்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் இருக்கின்றன. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பிற்பாடு முழுவதும் லினக்ஸுக்கு மாறி, பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வைக்கூட அதிலேயே நடத்தியது. பள்ளிக்கூடத்தில் முடிவது பாலிடெக்னிக்கில் முடியாதா? சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக்கும் சேர்ந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தை நடத்தத் தொடங்கின. அதிலிருந்து 2007-இல் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் வந்தது. ஐ.ஐ.டி. பம்பாயில் வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் எனக்கு நேரடியாகவே உதவியது. பத்துப் பத்து நிமிடப் பாடங்கள். திரையில் ஆங்கிலம், குரல் தமிழிலும் மராத்தியிலும் மற்ற மொழிகளிலும். என் வயதில் பார்த்தும் புரிந்தது என்றால் அதன் தெளிவைச் சொல்லவேண்டியதில்லை.

இனி லேப் கதைக்கு வருகிறேன். நவம்பரில் அந்தத் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். மராட்டியர், மரியாதையானவர். "சார், முதலில் ஐந்து மெஷின் தருகிறேன், செய்து காட்டுங்கள்" என்றார். டிசம்பரில் தேர்வு முடிந்து லேப் காலியானதும் பையனும் நானும் உட்கார்ந்தோம். லினக்ஸில் பல வகைகள் உண்டு. பழைய இயந்திரம் என்பதால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம், 4 ஜிபி மெமரிக்கு அது தாராளம். ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டால், டிஸ்கைத் தொடாமலேயே பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பிப் பார்க்கலாம். திரை, சவுண்டு, நெட்வொர்க் மூன்றும் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும். ஒரு மெஷினுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

வேகம் தலைக்கேறியது. ஐந்தாவது மெஷினில் "முழு டிஸ்கையும் அழித்து நிறுவு" என்ற வரியை அமுக்கினேன். அந்த மெஷினில் மட்டும் டி டிரைவில் ஓர் ஆசிரியையின் வினா வங்கி இருந்திருக்கிறது. வேறு காப்பி இல்லை. முப்பத்தெட்டு வருட சர்வீஸில் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுக்காமல் ஒரு கியரில் கை வைத்தவன் அல்லன் நான். இங்கே கேட்காமல் கை வைத்துவிட்டேன். அந்த அம்மையார் ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளாமல் பழைய தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் அதிகம் சுட்டது. 140 வினாக்களை மூன்று மாலை உட்கார்ந்து பையனும் நானும் திரும்ப டைப் செய்தோம். அதன்பின் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாள்: யாருடைய ஃபைல் இருக்கிறது, காப்பி எடுத்தாயிற்றா, யார் கையெழுத்து.

எதிர்ப்பு வரும் என்று நினைத்த இடத்தில் வரவில்லை. நினைக்காத இடத்தில் வந்தது. மாணவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. தடுமாறியது சி மொழி வகுப்பு. அங்கே இன்னமும் டர்போ சி வைத்துப் பாடம் நடக்கிறது. அது டாஸ் காலத்து கம்பைலர். இன்றைய விண்டோஸில்கூட நேரடியாக ஓடாமல், டாஸ் போல நடிக்கும் இன்னொரு புரோகிராமுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். லினக்ஸில் உள்ள ஜி.சி.சி. கம்பைலர், சி மொழியின் தர நிர்ணயத்தைப் பின்பற்றுவது. திரையைத் துடைக்கும் கட்டளை, கானியோ என்று தொடங்கும் தலைப்பு வரி என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதும் பலவற்றை அது ஏற்காது. "வகுப்பில் எழுதியது லேபில் ஓடமாட்டேன் என்கிறது" என்று புகார். துறைத் தலைவர் யோசித்தார். செய்முறை நோட்டில் இருந்த இருபத்து நான்கு புரோகிராம்களையும் உட்கார்ந்து திருத்தினால் முடிந்தது என்றார் அந்த ஆசிரியை, என்னால் வினா வங்கியை இழந்தவரே. நான்கு நாளில் திருத்தியும் கொடுத்தார். மாற வேண்டியிருந்தவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வரிகள்தான்.

எல்லாவற்றுக்கும் லினக்ஸ் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தலைகுனிபவர்களால்தான் நல்ல விஷயங்களுக்குக் கெட்ட பெயர் வருகிறது. சிவில், மெக்கானிகல் துறைகளில் ஆட்டோகேட் பாடத்திட்டத்தில் இருந்தால் அது லினக்ஸில் ஓடாது. ஃப்ரீகேட் 2024-இல் 1.0 பதிப்பை எட்டியிருக்கிறது, மாணவர் வீட்டில் பழக அருமையானது. ஆனாலும் தேர்வில் ஆட்டோகேட் கேட்டால் ஆட்டோகேட்தான். கணக்குப் பாடத்துக்கு மேட்லேப் கேட்கும் இடங்களில் சைலேப், ஆக்டேவ் இரண்டும் பெரும்பாலான பயிற்சிகளைச் செய்துவிடும். அலுவலகப் பிரிவின் பழைய பிரிண்டர் ஒன்று கடைசிவரை மசியவில்லை. அதற்காக ஒரு விண்டோஸ் மெஷினை அங்கேயே வைத்துவிட்டோம். இன்டர்நெட் மெலிந்த கல்லூரியில் முப்பது மெஷினும் ஒரே திருத்தத்தைத் தனித்தனியே இறக்கினால் நாள் முழுக்க ஆகும். ஒரு மெஷினில் இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும்படி அமைக்கலாம். பையன் அதைத் தானே படித்துச் செய்தான்.

ஃபைல் வடிவம் பற்றி ஒரு வார்த்தை. கோந்தியாவில் நான் சேர்ந்தபோது ஜபல்பூர் பக்கத்துப் பாதை 762 மில்லிமீட்டர் குறும்பாதை. ஹவுரா-பம்பாய் பாதை 1676 மில்லிமீட்டர். குறும்பாதையில் வந்த மூட்டையை ஆள் வைத்து இறக்கி, நடைமேடையைக் கடந்து, அகலப்பாதை வண்டியில் ஏற்றவேண்டும். ஏற்றி இறக்கும்போது நாலு மூட்டை கிழியும். கல்லூரியில் ஒருவர் ஒரு வடிவத்திலும் இன்னொருவர் வேறு வடிவத்திலும் ஃபைல் சேமித்தால் அதே கதை. கட்டம் கலைந்து, எழுத்துரு மாறி வந்து நிற்கும். லிப்ரெஆஃபீஸ் சேமிக்கும் ஓ.டி.எஃப். வடிவம் 2006-இல் ஐ.எஸ்.ஓ. தரம் பெற்றது. அரசுப் பணிகளில் திறந்த தரங்களைக் கையாளவேண்டும் என்று 2010-இலும், திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 2015-இலும் மத்திய அரசு கொள்கை வெளியிட்டது. துறைத் தலைவர் முதல்வருக்கு எழுதிய கடிதத்தில் அந்த இரண்டையும் குறிப்பிடச் சொன்னேன். சர்க்குலர் எண்ணுக்கு இருக்கிற பலம் வாதத்துக்கு இல்லை என்பது சர்க்கார் உத்தியோகத்தில் கற்றது.

முப்பதில் இருபத்தாறு மெஷின்கள் இப்போது லினக்ஸில் ஓடுகின்றன. இரண்டில் மதர்போர்டு உண்மையாகவே போய்விட்டது. அவற்றின் மெமரியைக் கழற்றி வேறு இரண்டுக்குப் போட்டோம். ஒன்று பிரிண்டரோடு அலுவலகத்தில். இன்னொன்றை மூன்றாம் வருட மாணவர்கள் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்து பார்க்கிறார்கள். நான்கு முறை எழும்பவில்லை, ஐந்தாம் முறை எழும்பியது. அந்தச் செமஸ்டரில் ஒரு லேப் வகுப்பும் நின்றுபோகவில்லை.

நம் உறுப்பினர்கள் வீட்டில் பிள்ளைகளின் பழைய லேப்டாப் மூலையில் கிடந்தால், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்துக்கு எடுத்து வாருங்கள். பையனும் வருவான். தமிழ்99 விசைப்பலகையும் போட்டுத் தருகிறோம். உள்ளே இருக்கும் ஃபோட்டோக்களையும் ஃபைல்களையும் மட்டும் முன்கூட்டியே வேறொன்றில் காப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தொடுவேன்.